ஆறு மாச டைபாய்டு

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஜனவரியில கொடுத்த டைரி. எட்டு மாசமா அரிசி டப்பா மேல கிடந்ததை இன்னைக்குத்தான் எடுத்துத் துடைச்சேன். எழுதச் சொன்னது என் மக வேனில். "அம்மா, நீ எதையுமே கூட்டம் இல்லாமச் சொன்னதில்ல. கைதட்ட ஆள் இல்லாத எடத்துல ஒரு விஷயத்தைச் சொல்லிப் பழகு"ன்னுட்டு ரெண்டு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போயிட்டா.

சரி, பழகுறேன். நான் செண்பகவல்லி. கோவில்பட்டியில பெண்கள் மேல்நிலைப் பள்ளியில தமிழ் டீச்சர். சனி, ஞாயிறானா பட்டிமன்றப் பேச்சாளர். மேடை ஏறி பதினாலு வருஷமாச்சு. பிள்ளைங்க பரீட்சையில இப்படிப் பேச்சுத்தமிழ்ல எழுதினா சிவப்பு மையில சுழிச்சிருவேன். இது என் டைரி, என்னை யாரு கேக்க?

வேனிலுக்கு இருபத்திமூணு வயசு. திருநெல்வேலியில ஒரு கம்பெனியில நில வரைபடங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை, தங்குறது ஹாஸ்டல்ல. நேத்து வந்தவ, சாப்பிட்டு முடிச்சதும் ஒரு காகிதத்தை எடுத்து முன்னால வச்சா. ஒரு மாசமா ஒரு மனநல டாக்டர்கிட்டப் போய்க்கிட்டிருக்காளாம். ஆபீஸ்ல அவ சீட்டைப் பிரிண்டர் பக்கத்துல மாத்துனதுல, அந்தச் சத்தம் தாங்காம ரெண்டு நாள் படுக்கையை விட்டே எந்திரிக்க முடியலையாம். அதுக்குப் போன எடத்துல, அவளுக்கு ஆட்டிசம் இருக்கு, பிறவியிலயே மூளை வேலை செய்ற விதம் வேற, அது நோய் இல்லன்னு டாக்டர் சொல்லிருக்காங்க.

"ஒனக்கா? நீதான் எனக்கு மேல வாயடிக்கிறியே!"ன்னு நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல.

கேட்டது ரெண்டு விஷயம். ஒண்ணு, இனிமே மேடையில அவளைப் பத்திப் பேசக் கூடாது. என் வீடியோவை ஆபீஸ்ல ஒருத்தன் எல்லாருக்கும் போட்டுக் காட்டி, "இது நீதானே?"ன்னு கேட்டுச் சிரிச்சிருக்கான். ரெண்டாவது, அவ சின்ன வயசு விவரமெல்லாம் கேக்க டாக்டர் என்னைப் பாக்கணுமாம். முதலாவதுக்கு உடனே சரின்னேன். ரெண்டாவதுக்கு, காலாண்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்தணும்னேன். "பரீட்சையே அடுத்த மாசம்தானம்மா"ன்னா. பரீட்சைக்கு முன்னாடி பாடம் முடிக்க வேண்டாமா?

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பத்து நாள் கழிச்சு குழாய்ல தண்ணி வந்துச்சு. மூணு டிரம், நாலு குடம், கடைசியில குக்கர்லயும் பிடிச்சு வச்சாச்சு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சாயங்காலம் வேனில் போன் பண்ணுனா. டாக்டர் தேதி கேக்கறாங்களாம். குழந்தையா இருந்தப்போ தூக்கினா எப்படி இருப்பான்னு தெரியணுமாம்.

"நீ மேடையில சொல்றதைத்தான் நான் சொன்னேன். பொறந்ததுல இருந்தே அம்மா தொட்டா கத்துவேன்னு. அதை முக்கியமா குறிச்சுக்கிட்டாங்க. நீயும் வந்து ஒரு தடவை சொல்லிட்டா முடிஞ்சது."

மேடையில நான் சொல்றது இதுதான். எத்தனை ஊர்ல சொல்லிருப்பேனோ, கணக்கே கிடையாது. "எம்மக பொறந்தன்னைக்கே என்னைப் பாத்து மொகத்தைத் திருப்பிக்கிட்டாய்யா! ஆறு மாசம், நான் தொட்டா ஊரைக் கூட்டுவா. அப்பவே தெரிஞ்சு போச்சு, எம்மாமியாருக்கு ஜோடியா இன்னொரு மாமியார் பொறந்தாச்சுன்னு!" இந்த எடத்துல பந்தலே அதிரும். கைதட்டல் அடங்க நான் ஒரு வாய் தண்ணி குடிப்பேன்.

"அடுப்புல பால் வச்சிருக்கேன், பொங்குது"ன்னு போனை வச்சுட்டேன். பால் காலையிலயே தீந்துபோச்சு.

செப்டம்பர் 8, ஞாயிறு

நேத்து விநாயகர் சதுர்த்திக்கு விளாத்திகுளத்துல பட்டிமன்றம். மேடை ஏறுறதுக்கு முன்னாடி வழக்கம்போல வாந்தி, வழக்கம்போல ரெண்டு ஏலக்காய். அது கிடக்கட்டும்.

வேனிலுக்குக் கொடுத்த வாக்கு மனசுல இருந்துச்சு. முதல் பத்து நிமிஷம் அவ பக்கமே போகல. ஆனா கூட்டம் மண்ணு மாதிரி உக்காந்திருக்கு. முன் வரிசையில ரெண்டு பேர் எந்திரிச்சே போயிட்டாங்க. நடுவர் பொன்னையா சார் பக்கத்துல குனிஞ்சு, "டீச்சர், அந்த மகள் அயிட்டத்தை எடுத்து விடுங்க"ங்கார். என் வாய் இருக்கே, அது என் பேச்சைக் கேக்காது. எடுத்து விட்டுட்டேன்.

சிரிச்சாங்க. சிரிச்சு அடங்கினதும் எனக்குத் துணுக்குன்னுச்சு. சரி செஞ்சிருவோம்னு மைக்கைக் கிட்ட இழுத்து, "அப்படிப்பட்ட எம்மகளுக்கு ஆட்டிசம்னு இப்போ டாக்டர் சொல்லிருக்காங்க. நான் மறைக்க மாட்டேன். இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நான் பெருமைப்படுறேன்!"னு சொல்லிட்டேன். என்ன கைதட்டல்ங்கிற! ரெண்டு பொம்பளைங்க கண்ணைத் துடைச்சாங்க. இறங்கினதும் ஒருத்தர் சால்வையே போர்த்தினார். பதினாலு வருஷத்துல சிரிக்க வச்சிருக்கேன், அழ வச்சது இதுதான் முதல் தடவை. விழிப்புணர்வுங்கறது இதுதானேன்னு நிம்மதியாத் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

விளாத்திகுளம் பேச்சு நேத்தே வீடியோவா வந்துருச்சு. வேனில்கிட்ட இருந்து ஒரே ஒரு மெசேஜ். "பாத்தேன்." அதுக்கப்புறம் போனை எடுக்கல.

இவுக, என் வீட்டுக்காரர், போஸ்ட் ஆபீஸ் வேலைக்குக் கிளம்புறப்போ செருப்பை மாட்டிக்கிட்டே, "நீ அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"ன்னாக. நல்லதுக்குத்தானே சொன்னேன்னேன். படி இறங்கிப் போயிட்டாக. இந்த மனுஷன் வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசறவுக. அதுல ஒண்ணு இப்படிப் போச்சு.

செப்டம்பர் 14, சனி

புளியோதரை கட்டிக்கிட்டு ஹாஸ்டலுக்கே போயிட்டேன். வேனில் கேட்டு வரைக்கும் வந்தா. உள்ளே வான்னு கூப்பிடல. டப்பாவை மட்டும் வாங்கிக்கிட்டா.

"ஆபீஸ்ல யார்கிட்டச் சொல்றது, எப்போ சொல்றது, எந்த வார்த்தையில சொல்றதுன்னு நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேம்மா. முதல்ல மேனேஜர். அப்புறம் பக்கத்து சீட் அக்கா. அவங்க போதும்னு நெனச்சிருந்தேன். இப்போ வாட்ச்மேன் வந்து 'பாப்பா, ஒனக்கு ஒடம்பு சரியாயிரும்'ங்கார்."

"எல்லாரும் புரிஞ்சுக்கணும்னுதாண்டி சொன்னேன்."

"என் விஷயத்தை ஏன் நீ சொல்ற? ஒனக்குன்னு சொல்ல ஒண்ணு கூடக் கிடையாதா?"

"எனக்கென்ன கதை? சமைச்சேன், பாடம் எடுத்தேன், ஒன்னை வளத்தேன்."

அவ என்னை உத்துப் பாத்தா. அவ வழக்கமா யார் கண்ணையும் பாத்துப் பேச மாட்டா. "நான் கூப்பிடற வரைக்கும் கூப்பிடாத"ன்னுட்டு உள்ள போயிட்டா. வர்ற வழியில பஸ்ஸுல யாரோ, "நீங்க பட்டிமன்ற டீச்சர்தானே?"ன்னு செல்ஃபி எடுத்தாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் நின்னேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

என் அக்கா பேச்சியம்மா சாத்தூர்ல இருந்து வந்தா. கீரை ஆய உக்காந்ததும் ஆரம்பிச்சுட்டா.

"ஏட்டி, நீ இன்னுமா பிள்ளைகிட்டச் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?"

"என்னத்தயோ. டைபாய்டுன்னுதான ஊருக்குச் சொன்னோம். ஆறு மாசமா ஒருத்திக்கு டைபாய்டு இருக்கும்? கேட்டவங்க நம்பினாங்களே, அதைச் சொல்லு!"

ஒனக்கு பிரஷர் மாத்திரை போட்டாச்சான்னு கேட்டேன். அவ ஒரு கீரைத்தண்டால என் முழங்கையில அடிச்சா. முருங்கைக்கீரை நல்ல இளசு, பொரியல் பண்ணினோம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இங்கே ஒரு மகளிர் கல்லூரியில இருந்து போன் வந்துச்சு. அக்டோபர் பத்து, மனநல நாளாம். என் விளாத்திகுளம் வீடியோவைப் பாத்திருக்காங்க. 'ஒரு தாயின் அனுபவம்'னு அரை மணி நேரம் பேசணுமாம். வாய் முந்திக்கிட்டு சரின்னுருச்சு.

மூணு தடவை எழுதிப் பாத்தேன். மூணுலயும் ரெண்டாவது பத்தியில ஒரு ஜோக்கு வந்து உக்காந்துக்குது. அதைக் கிழிச்சா, மிச்சம் எல்லாம் வேனில் கதை. அதையும் கிழிச்சா வணக்கமும் நன்றியும்தான் நிக்குது.

செப்டம்பர் 25, புதன்

மார்ச் 2001-ல வேனில் பிறந்தா. பிரசவம் சுகப் பிரசவம்.

(இதை எழுதிட்டு எந்திரிச்சுப் போய் இட்லிக்கு அரைச்சேன். துணி மடிச்சேன். திரும்ப வந்திருக்கேன்.)

பிள்ளை அழும். நான் செவுத்தைப் பாத்துப் படுத்திருப்பேன். கேக்கும், ஆனா அது எனக்கில்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழறாப்ல இருக்கும். கையில எடுத்தா கீழே போட்டுருவேன்னு ஒரு பயம். போட்டுருவேன்னு பயமா, போட்டா என்னன்னு தோணுச்சான்னு இன்னைக்கு வரைக்கும் நான் எனக்கே சொன்னதில்ல. குளிக்கல, சாப்பிடல. வீட்டுல காத்து கருப்புன்னாங்க, வேப்பிலை அடிச்சாங்க. இவுகதான் யார் பேச்சையும் கேக்காம பாளையங்கோட்டையில டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாக. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வுன்னு சொல்லி மாத்திரை கொடுத்தாங்க. மத்தவங்களுக்கு டைபாய்டுன்னு சொன்னோம். ஒட்டிக்கிரும்னு பிள்ளையைத் தனியா வச்சிருக்கோம்னா யாரும் மறுகேள்வி கேக்கல.

அந்த ஆறு மாசமும் தூக்கினது அக்காதான். வேனில் கத்தல. பிள்ளை எல்லார்கிட்டயும் போச்சு. பால்காரர்கிட்டப் போகும், கரண்ட் பில் எடுக்க வந்தவர்கிட்டப் போகும், யார் கையை நீட்டினாலும் தாவும்.

எனக்குக் குணமாகி நான் தூக்கினப்போ ஒரு வாரம் அழுதா. அக்காவைத் தேடி அழுதா. எந்தப் பிள்ளையும் அழும். நான் அந்த ஒரு வாரத்தை ஆறு மாசமாக்கி, பழியைப் பிள்ளை மேல போட்டு, கைதட்டல் வாங்கிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

கூப்பிடாதன்னு சொன்னதால, பத்து நிமிஷம் வேணும், மேடைப் பேச்சு இல்லன்னு மெசேஜ் போட்டேன். "வா. ஆனா பேசறப்போ என் முகத்தைப் பாத்து ரியாக்‌ஷன் தேடாத. ஃபேனைப் பாத்துப் பேசு"ன்னு பதில் போட்டா.

ஹாஸ்டல் பார்வையாளர் ரூம்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மர பெஞ்சு. அவ பெஞ்சுல உக்காந்தா. நான் அண்ணாந்து ஃபேனைப் பாத்துக்கிட்டே புதன்கிழமை எழுதினதை அப்படியே சொன்னேன். அஞ்சாயிரம் பேர் முன்னாடி நடுங்காத நாக்கு, ஒரு ஃபேனுக்கு முன்னாடி ஒட்டிக்கிருச்சு. கழுத்து வேற வலிச்சுது.

முடிச்சதும் அவ கேட்டது, "அப்போ நான் கத்தலையா?"

"இல்ல."

"யார்கிட்டனாலும் போவேனா?"

"கரண்ட் பில்காரர்கிட்டக் கூட."

மாடியில யாரோ வாளியை உருட்டினாங்க. அப்புறம், ஒரு கணக்கை வாய்விட்டுச் சொல்றாப்ல மெதுவாச் சொன்னா. "அத்தைமார் யாரும் என்னைக் கட்டிப் பிடிச்சதில்ல, 'அவளுக்குப் பிடிக்காது, அவ அம்மாவையே தொட விடாதவ'ம்பாங்க. ஸ்கூல்ல ஜெயிச்சா எல்லாப் பிள்ளைங்களையும் மிஸ் அணைச்சுக்குவாங்க, எனக்குக் கை மட்டும் குடுப்பாங்க. நானும் எனக்குப் பிடிக்காதுன்னே நெனச்சுக்கிட்டேன். டாக்டர்கிட்டயும் அதையே சொன்னேன். எனக்கு நெஜமாப் பிடிக்குமா, பிடிக்காதா? எனக்கே தெரியலையேம்மா."

மன்னிச்சிருன்னேன். "இப்போ அது வேண்டாம். டாக்டர்கிட்ட வந்து சொல்லு, வியாழக்கிழமை"ன்னா. முகத்தைப் பாக்காமலேதான் எந்திரிச்சு வந்தேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

விடைத்தாள் 61. ஒருத்தி மனப்பாடச் செய்யுளுக்குப் பதிலா, "டீச்சர் மன்னிக்கவும், இது மட்டும் படிக்கவில்லை"ன்னு எழுதிருக்கா. அழகான கையெழுத்து. அரை மார்க் போட்டேன், மனசு கேக்கல.

அக்டோபர் 3, வியாழன்

டாக்டர் மெர்லின். சின்னப் பொண்ணு, என் மாணவி வயசுதான் இருக்கும். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அது ஒண்ணை வச்சு மட்டும் நாங்க முடிவு பண்ணலம்மா. ஆட்டிசம்ங்கறதுல மாத்தம் இல்ல. அந்த வரியை மட்டும் எடுத்துடறோம்"னாங்க. எனக்கு உயிர் வந்துச்சு.

அப்புறம் என்கிட்டத் திரும்பி, "அந்த ஆறு மாசம் உங்களுக்கு எப்படிம்மா இருந்துச்சு?"ன்னாங்க. "கறிவேப்பிலை மாதிரி ஓரமா ஒதுக்கி வச்சிருந்தாங்க டாக்டர்"னு ஒரு போடு போட்டேன். அவங்க சிரிக்கல. காத்துக்கிட்டே இருந்தாங்க. யாராவது ஜோக்குக்குச் சிரிக்காம இப்படிக் காத்திருந்தா நான் என்னதான் பண்ணுவேன்? அழுதுட்டேன். நல்லா ஏங்கி ஏங்கி. வேனில் தண்ணி பாட்டிலைத் திறந்து மேஜை மேல வச்சுட்டு, காதுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டா. எந்திரிச்சுப் போகல.

மேடைக்கு முன்னாடி வர்ற வாந்தியைப் பத்தியும் அவதான் போட்டுக் குடுத்தா. அதுக்கு அடுத்த வாரம் என்னைத் தனியா வரச் சொல்லிருக்காங்க.

அக்டோபர் 5, சனி

காலேஜ்ல பேசவான்னு நேத்து கேட்டிருந்தேன். இன்னைக்கு வேனில் மெசேஜ். "காலேஜ்ல பேசு. உன் கதை மட்டும். என் பேர், என் ஆட்டிசம் ரெண்டும் வேண்டாம். அதை நான் சொல்லிக்குவேன். நான் வர மாட்டேன், ஸ்பீக்கர் சத்தம்."

இவுககிட்டக் காட்டினேன். "மாமியார் வீட்டுக் கதையெல்லாம் வெளிய வருமே, பரவால்லையா?"ன்னேன். "எங்கம்மா வேப்பிலை அடிச்சது உண்மைதான"ன்னாக. வருஷத்தோட ரெண்டாவது வாக்கியம்.

அக்டோபர் 10, வியாழன்

பதினாறு நிமிஷம் பேசினேன். ஒரு ஜோக்கு இல்ல. எங்கே முடிக்கிறதுன்னே தெரியல. எப்பவும் கைதட்டல் வந்தாத்தான் நான் முடிப்பேன். இங்கே முந்நூறு பிள்ளைங்க மூச்சுவிடாம உக்காந்திருக்கு. பிள்ளையைத் தூக்க முடியாத தாய் நான், அதுக்குப் பேர் இருக்கு, மருந்து இருக்கு, நாங்க டைபாய்டுன்னு பொய் சொன்னோம், அந்தப் பொய் கடைசியில பிள்ளை தலையிலதான் விடிஞ்சதுன்னு சொல்லிட்டு, இவ்வளவுதான்னு உக்காந்துட்டேன். விழா நடத்தின மேடம் முகம் வெளுத்துப் போச்சு. "டீச்சர், கடைசியா கலகலப்பா ஏதாவது…"ன்னாங்க. இல்ல மேடம், இன்னைக்குக் கிடையாதுன்னேன்.

கேள்வி கேக்கலாம்னாங்க. பின் வரிசையில ஒரு பொண்ணு எந்திரிச்சா. மைக்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா.

"மேடம், எங்க அக்காவுக்குப் பிள்ளை பொறந்து ரெண்டு மாசமாச்சு. வீட்டுல மஞ்சக்காமாலைன்னு சொல்றாங்க. அவ கண்ணு மஞ்சளா இல்ல மேடம். செவுத்தைத்தான் பாத்துக்கிட்டே இருக்கா. நான் என்ன செய்யணும்?"

நான் மேடையை விட்டு இறங்கி அவகிட்டப் போனேன். டாக்டர் மெர்லின் நம்பரை அவ உள்ளங்கையில பேனாவால எழுதினேன். "இன்னைக்கே கூட்டிட்டுப் போ. அக்காவை ஒருத்தர் பாத்துக்கிடுங்க, பிள்ளையை ஒருத்தர் தூக்கிக்கிடுங்க. அக்கா சரியாகி வந்ததும், பிள்ளை என்கிட்ட வரலன்னு சொன்னா அவளை நம்பாதீங்க"ன்னேன். யார் கைதட்டினா, தட்டலன்னு நான் கவனிக்கல.

வீட்டுக்கு வந்ததும் பொன்னையா சார் போன். சரஸ்வதி பூஜை நிகழ்ச்சிக்கு மகள் அயிட்டம் வேணுமாம். இனிமே அது கிடையாது சார்னேன். "அப்போ எதைப் பேசுவீங்க டீச்சர்?"ன்னு பதறிட்டார். என்னைப் பத்திப் பேசுறேன், எனக்கென்ன பஞ்சமான்னேன்.

அக்டோபர் 12, சனி

வேனில் பூஜை லீவுக்கு வந்திருக்கா. மேனேஜர்கிட்ட அவளே சொல்லிட்டாளாம், அவ நோட்டுல எழுதி வச்சிருந்த வார்த்தையிலயே. சீட்டை ஜன்னல் பக்கம் மாத்திட்டாங்களாம். வாட்ச்மேன்கிட்டயும், "எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, சரியாகவும் வேண்டாம்"னு சொல்லிருக்கா.

மத்தியானம் நான் பாத்திரம் விளக்கிட்டு இருந்தேன். அடுப்படி வாசல்ல வந்து நின்னா.

"அம்மா, கையைத் தொடச்சிட்டு வா. ஒரு டெஸ்ட் பண்ணணும்."

"என்ன டெஸ்ட்?"

"என்னைப் பிடி. தட்டிக் குடுக்கக் கூடாது. பேசக் கூடாது. அழக் கூடாது, முக்கியமா. நான் பத்து வரைக்கும் எண்ணுவேன். நடுவுல போதும்னா விட்டுடணும்."

கையைச் சேலையில துடைச்சேன், ரெண்டு தடவை துடைச்சேன். இவுக ஹால்ல பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாக. நான் பிள்ளையைப் பிடிச்சேன். தோள் எலும்பு கைக்குத் தட்டுப்பட்டுச்சு. சோப்பு வாசம். அவ என் காதுக்குப் பக்கத்துல நிதானமா எண்ணினா. ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் அழல, சொன்னபடி பல்லைக் கடிச்சுக்கிட்டேன். நாலு, அஞ்சு, ஆறு.

"போதும்."

விட்டுட்டேன்.

ரெண்டடி தள்ளி நின்னு, ரெண்டு தோளையும் உதறிக்கிட்டா. நான் முகத்தைப் பாக்காம சிங்க்கைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

"பிடிக்கலம்மா"ன்னா.

"சரிடா."

"நெஜமாவே பிடிக்கல. சட்டைக்குள்ள எறும்பு போனாப்ல இருக்கு." குரல்ல அவ்வளவு சந்தோஷம், பரீட்சை ரிசல்ட் பாத்தவ மாதிரி. "இப்போ எனக்குத் தெரியும். நானே பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன். அந்த டைரியை எடு, இதை எழுது. நான் சொல்றபடியே எழுதணும், ஒரு வார்த்தை கூட்டக் கூடாது."

எழுதிட்டேன்: வேனிலுக்குத் தொட்டால் பிடிக்காது. இதை வேனில் சொன்னாள்.